காசோலைக்குப் பிறகு: மலாக்காத் தமிழர் பணமும் கணக்காய்வின் எல்லையும்

மலாக்காவில் தமிழர் நிகழ்ச்சி எதற்குப் போனாலும் ஒரு படம் எடுக்கப்படும். ஆளுயர அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலை. ஒரு முனையைப் பிடித்திருப்பவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லது துணையமைச்சர்; மறுமுனையில் கோவில் தலைவரோ பள்ளி மேலாளர் வாரியத் தலைவரோ நிற்பார். மறுநாள் நாளிதழில் படம் வரும், தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று ஒரு செய்தி வருவது அபூர்வம். பணம் பாழாய்ப் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான இடங்களில் கூரை மாறியிருக்கும், நாற்காலி வந்திறங்கியிருக்கும். கேட்க வேண்டியது வேறு. மக்களின் வரிப்பணம் கருவூலத்தை விட்டுப் புறப்பட்டு ஒரு தோட்டப் பள்ளியின் கூரைத் தகடாக மாறும்வரை, வழியில் எத்தனை இடத்தில் கணக்குக் கேட்க ஆள் இருக்கிறார்? எந்த இடத்தோடு அவர் நின்றுவிடுகிறார்?

கணக்குக் கேட்கும் உரிமை மலேசியாவில் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 105ஆம் பிரிவு தலைமைக் கணக்காய்வாளர் பதவியை உண்டாக்குகிறது. பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்து, பேரரசர் அவரை நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்க என்ன வழியோ அதே வழியில்தான் அவரையும் நீக்க முடியும். பதவிக்காலம் முடிந்தவருக்கு அதே பதவியை மீண்டும் கொடுக்கலாம். அரசுப் பணியில் வேறு பதவி கொடுக்கக் கூடாது. நாளைக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற ஆசை இன்றைய அறிக்கையின் வாயை அடைத்துவிடும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 106ஆம் பிரிவின்படி கூட்டரசுக் கணக்கோடு மாநிலக் கணக்குகளையும் அவரே ஆராய்கிறார். 107ஆம் பிரிவின்படி மாநிலத்தைப் பற்றிய அறிக்கை, மலாக்காவில் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். வேலையின் விவரங்களை 1957ஆம் ஆண்டுக் கணக்காய்வுச் சட்டம் சொல்கிறது.

ஆக, மாநில அரசின் பேரேடு, மாநிலச் சட்டப்படி அமைந்த கழகங்கள், மலாக்கா மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய நான்கு ஊராட்சி மன்றங்கள் எல்லாம் அவர் பார்வைக்குள் வருகின்றன. ஊராட்சி மன்றங்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒரேயடியாக முடித்துவைத்தது. மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். சாக்கடையும் தெருவிளக்கும் சரியில்லை என்று ஓட்டுப்போட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்ப வழியில்லாத ஊரில், கணக்காய்வாளர்தான் கிட்டத்தட்ட ஒரே கண்காணிப்பு.

அவர் செய்யும் வேலை மூன்று வகை. நிதியறிக்கை உண்மையும் சரியுமாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது ஒன்று. செலவு விதிப்படி நடந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, திட்டம் எதற்காக வந்ததோ அது நடந்ததா, கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்பது. இந்த மூன்றாவது அதிகாரம் 1978இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு வித்தியாசத்தை எளிதாகச் சொல்லலாம். ஸ்டோரில் தராசு எடையைக் காட்டும். பாலுக்குள் மிதக்கவிடும் மெட்ரோலாக், அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டும். சான்று என்பது தராசு. மூன்றாவது வகைக் கணக்காய்வு மெட்ரோலாக். எடை சரியாக இருந்து சரக்கு நீர்த்துப்போன கணக்குகள் அரசாங்கத்தில் நிறைய உண்டு.

மலாக்கா ஆற்றோரம் ஓடும் குட்டி மோனோரயிலை எடுத்துக்கொள்வோம். 1.6 கிலோமீட்டர் பாதை, 15.9 மில்லியன் ரிங்கிட் செலவு. 2010 அக்டோபரில் திறந்தார்கள்; மறுநாளே நடுவழியில் நின்றது. மழை பெய்தால் ஓடாது என்ற கேலி ஊரெங்கும் பரவியது. 2013இல் ஓட்டம் நின்று 2017 கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. இதன் ரசீதுகள் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கலாம். ரசீது ஒழுங்காக இருந்ததா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ரயில் ஓடியதா என்றுதான் கேட்டார்கள்.

கணக்காய்வு அறிக்கையைப் பற்றி நம் மக்களுக்கு நினைவிருப்பது பெரும்பாலும் விலைப்பட்டியல்தான். 2006ஆம் ஆண்டு அறிக்கையில் இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்களின் கொள்முதல் வெளிவந்தது: 40 ரிங்கிட் திருப்புளித் தொகுதி 224 ரிங்கிட்டுக்கு, 50 ரிங்கிட் கார் ஜாக்கி 5,700 ரிங்கிட்டுக்கு மேல். 2009ஆம் ஆண்டு அறிக்கையில் பாலிக் புலாவ் மாரா திறன் கல்லூரி வாங்கிய மடிக்கணினிகள், ஒன்று 42,320 ரிங்கிட். 2012க்கான அறிக்கையில் ஒளிபரப்புத் துறை வாங்கிய சுவர்க் கடிகாரங்கள், ஒன்று 3,810 ரிங்கிட். தேநீர்க் கடையில் நாலு நாள் பேசிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது கோபமும் அடங்கிவிடும் என்பது இந்த வகைச் செய்தியில் உள்ள ஆபத்து. ஜாக்கி விலையை எல்லாராலும் ஊகிக்க முடிகிறது. ஆயிரம் கோடிக் கடன் பத்திரத்தின் விலையை ஊகிக்க முடிவதில்லை. உண்மையான இழப்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில் நடக்கிறது.

அந்த இரண்டாவது இடத்துக்குப் போன கணக்காய்வாளர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் பூமிபுத்ரா வங்கியின் உள்கணக்காய்வாளர் ஜலில் இப்ராகிம் ஹாங்காங்கில் கொல்லப்பட்டார். வங்கியின் துணை நிறுவனம் கேரியன் என்ற குழுமத்துக்கு அள்ளிக்கொடுத்த கடன்களை ஆராய அனுப்பப்பட்டவர் அவர். உடல் ஒரு வாழைத்தோட்டத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டு அந்த விவகாரத்தை விசாரிக்க அமைந்த குழுவுக்கு, அன்றைய தலைமைக் கணக்காய்வாளர் அகமது நோர்டின் சக்காரியா தலைமை தாங்கினார். 250 கோடி ரிங்கிட் அளவில் போன பணத்தின் கதையை அந்தக் குழு விவரமாக எழுதிவைத்தது. பதவியில் இருக்கும் அரசுக்குச் சங்கடம் வரும் என்று தெரிந்தும் எழுதினார்கள். மலேசியக் கணக்காய்வு வரலாற்றில் அதற்கு ஈடான தைரியம் அதன்பிறகு நீண்ட காலம் காணப்படவில்லை என்பது என் எண்ணம்.

மலாக்காவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கெமாஸ். மலாக்காவின் புலாவ் செபாங்கிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். அங்கே அமைந்த தேசிய மாட்டுப் பண்ணைத் திட்டத்துக்கு அரசு 25 கோடி ரிங்கிட் கடன் ஒதுக்கியிருந்தது. 2010ஆம் ஆண்டு அறிக்கை, இலக்கு வைத்த மாடுகளில் பாதிகூட உற்பத்தியாகவில்லை என்று எழுதியது. கணக்காய்வாளர் எழுதியது மாடுகளைப் பற்றி மட்டும்தான். பணம் ஆடம்பர அடுக்குமாடி வீடாக மாறிய கதையை எதிர்க்கட்சியினர் பிறகு வெளியிட்டார்கள். நிறுவனத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த அமைச்சர் 2012இல் பதவியை விட்டார். நிறுவனத் தலைவர்மீது தொடுத்த வழக்கு 2015இல் விடுதலையில் முடிந்தது. மாடு குறைந்தது என்ற ஒற்றை வரி இத்தனையும் இழுத்துவந்தது. ஆனால் அந்த வரியை ஒருவர் எடுத்துப் படித்து விடாமல் துரத்தியதால்தான் வந்தது.

அரசு முதலீட்டு நிறுவனமான ஒன் எம்டிபியின் விவகாரம் இதன் மறுபக்கம். 2015இல் அரசே கணக்காய்வுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுத் தலைவருக்குத் துணையமைச்சர் பதவி கிடைத்தது, குழுவின் விசாரணை கொஞ்ச காலம் படுத்துக்கொண்டது. 2016 பிப்ரவரி 24 அன்று தலைமைச் செயலாளர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அச்சாகிவிட்ட அறிக்கையில் சில பகுதிகள் மாறின. நிறுவனத்தின் வாரியக் கூட்டத்தில் தொழிலதிபர் ஜோ லோ இருந்தார் என்ற குறிப்பு போயிற்று. 2014ஆம் ஆண்டுக்கு இரண்டு விதமான நிதியறிக்கை இருந்தது பற்றிய பகுதியும் போயிற்று. பழைய பிரதிகளை அழிக்கச் சொன்னார்கள். எஞ்சிய அறிக்கை அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. கணக்காய்வுக் குழுவில் இருந்த நோர் சல்வானி முகமது என்ற அதிகாரி இரண்டு காரியம் செய்தார். கூட்டத்துக்குப் போன சக ஊழியரின் பென்சில் பெட்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தனுப்பினார். அழிக்கச் சொன்ன பிரதிகளில் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் இரகசிய முத்திரை அகன்றது. அறிக்கை திருத்தப்பட்ட செய்தி அவ்வாண்டு நவம்பரில் வெளியாயிற்று.

அரசியலமைப்பு தந்த அத்தனை கவசமும் இருந்தும், உண்மை பிழைத்தது ஓர் இடைநிலை அதிகாரியின் கையில். இதில் பெருமைப்படவும் இடமிருக்கிறது, கவலைப்படவும் இடமிருக்கிறது. எனக்குக் கவலைதான் அதிகம். அறிக்கையைத் திருத்தியதாக முன்னாள் பிரதமர் நஜிப்மீதும் நிறுவனத் தலைமை நிர்வாகியாக இருந்த அருள் கந்தாமீதும் தொடுத்த வழக்கில், இருவரும் 2023 மார்ச் 3 அன்று விடுதலையானார்கள்.

விடுதலை என்றதும் நம்மவர்களுக்குத் தமிழ்நாட்டு நினைவு வரும். 2010 நவம்பரில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய், இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அதிகபட்சம் 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று கணித்தார். அத்துறை அமைச்சர் ஆ. ராசா பதவி விலகினார், சிறைக்கும் போனார். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. அப்படியானால் தணிக்கை பொய்யா என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இங்கேயும் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. இவ்வளவு பணத்துக்கு இவ்வளவு பலன்தான் என்று சொல்வது கணக்காய்வு. இன்னார் இன்ன நோக்கத்தோடு இதைச் செய்தார் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியது வழக்கு. முதலாவது நின்று இரண்டாவது விழலாம். ஆனால் ஊக அளவில் ஒரு பெரிய எண்ணைத் தலைப்பில் வைக்கும் கணக்காய்வாளர், தன் அறிக்கையின் மற்ற நூறு பக்கங்களையும் அந்த எண்ணுக்குப் பிணையாக வைத்துவிடுகிறார் என்பதும் உண்மை.

இனி தோட்டத்துக்கு வருவோம்.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட இடம் மலாக்காதான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். இரண்டு பெயரும் இன்றைக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெயராகவும் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் தமிழர் அறிந்த முதல் கணக்குப் புத்தகம் செக்ரோல். அதை எழுதியவர் கிராணி, பார்த்தவர் துரை. அதில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் துணிவு வெட்டுக்காரனுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1967இல் புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கே நடந்தார்கள்.

தொழிலாளர் பெயரால் திரட்டிய பொது நிதியும் பழையது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று தொடங்கினார்கள். இத்தனை ஆளை வேலைக்கு வைத்தால் இவ்வளவு என்று முதலாளிகளிடம் வரி வாங்கினார்கள். பின்னாளில் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரோடு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாரியத்தின் கையில் இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் அந்த வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். தோட்டத் தமிழருக்கென்று சட்டப்படி அமைந்து, அரசுக் கணக்கு ஒழுங்குக்குள் இருந்த ஒரு நிதி அத்தோடு முடிந்தது. அதன்பிறகு வந்தவை பெரும்பாலும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கும் ஒதுக்கீடுகள்.

கணக்காய்வுக்கு ஒரு பெரிய குருட்டுப் புள்ளி உண்டு. செலவழித்த பணத்துக்குத்தான் கோப்பு இருக்கும். செலவழிக்காத பணத்துக்குக் கோப்பு கிடையாது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் தார்ச்சாலையும் குழாய்நீரும் தெருவிளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு பல பத்தாண்டுகள் ஒதுங்கி நின்றது. பக்கத்துக் கம்பத்துக்குப் போட்ட சாலை தரமில்லை என்று கணக்காய்வாளர் எழுத முடியும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சாலையே போடவில்லை என்றால் அவர் எதைத் திறந்து பார்ப்பார்? தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் மலாக்கா நகர அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தவர்கள், அரசுத் திட்டங்களின் பேரேட்டுக்குள் ஒரு தலைமுறை தாமதமாகத்தான் நுழைந்தார்கள்.

நுழைந்தபோது வந்த பணம் நேரான வழியில் வரவில்லை. இந்தியர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்காக 2014இல் பிரதமர் துறையின்கீழ் செடிக் என்ற பிரிவை அமைத்தார்கள். 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது மித்ரா ஆயிற்று. பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே இடம் மாறியது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. பணத்தின் பெரும்பகுதி சங்கங்களுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும் மானியமாகப் போயிற்று: தையல் வகுப்பு, தொழில்முனைவோர் பயிற்சி, தன்முனைப்பு முகாம். 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் அந்த மானியங்களை விசாரிக்கத் தொடங்கி, சங்கத் தலைவர்கள், நிறுவன உரிமையாளர்கள் சிலரைக் கைதுசெய்தது. பின்னர் பாலர் பள்ளிக் கட்டணம், சிறுநீரகச் சுத்திகரிப்பு உதவி என்று நேரடியாக ஆளுக்குச் சேரும் திட்டங்கள் பக்கம் மித்ரா திரும்பியதற்கு அந்த அனுபவம் ஒரு காரணமாகத்தான் இருக்க வேண்டும்.

மித்ராவின் கோப்புகளைத் தலைமைக் கணக்காய்வாளர் பார்க்கலாம், அது அரசுப் பிரிவு. பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போனதும் பாதை மங்கிவிடும். அங்கே சங்கங்களின் பதிவிலாகா இருக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். தாளைப் பெற்றுக்கொள்வது வேறு, நாற்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் கூடத்துக்குப் போய்த் தையல் இயந்திரத்தை எண்ணுவது வேறு. சங்கத்துக்குள்ளேயே கணக்காய்வாளர் உண்டே என்பார்கள். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் முடிவான பிறகு, பதவி கிடைக்காமல் முகம் வாடியிருக்கும் இருவரைப் பார்த்து ‘நீங்க ரெண்டு பேரும் உள்கணக்காய்வாளரா இருந்துடுங்க’ என்று சொல்வதைப் பார்க்காதவர் யார்?

உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுப் பராந்தகன் காலத்துச் சபையார், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். மேடைதோறும் அந்தக் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறோம். சென்ற ஆண்டு மானியத்துக்குக் கணக்குத் தராத சங்கம் இந்த ஆண்டு விண்ணப்பிக்கக் கூடாது என்ற விதியைப் பற்றி அதே மேடைகளில் பேச்சு எழுவதில்லை.

நிறுவனம் என்ற உறை இன்னும் கெட்டியானது. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள், 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. நகையை அடகு வைத்து வாங்கினோம் என்று சொல்லும் வீடுகள் மலாக்காத் தோட்டங்களில் இன்றும் உண்டு. 1990இல் இந்தியச் சமூகத்துக்கென அரசு ஒதுக்கிய ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது பெரிய சர்ச்சையானது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, வழக்கு எதுவும் வரவில்லை. 2010இல் பங்குதாரர்களிடம் பங்கு 80 காசு விலைக்கு வாங்கப்பட்டு கதை முடிந்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. அரசு ஒரு சமூகத்தின் பெயரால் ஒரு பொருளைக் கொடுத்தது. அது அந்தச் சமூகத்தின் கைக்கு வந்ததா என்று ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்குச் சொல்லும் பொறுப்பு எந்தக் கணக்காய்வாளருக்கும் இருக்கவில்லை. சட்டம் அன்று அப்படி இருந்தது.

பிலிப்பைன்ஸில் இதே நிலைமையைக் கணக்காய்வு எப்படிப் பிடித்தது என்பது நமக்குப் பாடம். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தொகுதி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் கைகாட்டும் தன்னார்வ அமைப்புகளுக்குப் பணம் போகும். கிரேஸ் புலிடோ டான் தலைமையிலான கணக்காய்வு ஆணையம் 2007 முதல் 2009 வரையிலான ஒதுக்கீட்டைத் தனியாக ஆராய்ந்து 2013 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. 82 அமைப்புகளுக்கு 600 கோடி பெசோவுக்கு மேல் போயிருந்தது. ஆணையத்தின் ஆட்கள் ஒவ்வொரு முகவரிக்கும் நேரில் போனார்கள். பல இடத்தில் அமைப்பே இல்லை. பொருள் விற்றதாகச் சொன்ன கடைக்காரர்கள் நாங்கள் விற்கவில்லை என்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டு முறையே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது. கதவைத் தட்டிப் பார்த்ததால் கிடைத்த பலன் அது.

மலேசியாவில் அதற்கான கதவு அண்மையில்தான் திறந்தது. 2024இல் நாடாளுமன்றம் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தியது. பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கே பின்தொடர்ந்து போகலாம். அரசு நிதியோ உத்தரவாதமோ பெற்ற நிறுவனங்களையும் ஆராயலாம் என்று அதிகாரம் விரிந்தது. தலைமைக் கணக்காய்வாளர் வான் சுராயா பதவிக்கு வந்த மறுவருடம் இது. அதே ஆண்டு ஜூலை அறிக்கை, முதலாளிகளிடம் வசூலிக்கும் பயிற்சி வரியைக் கையாளும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் முதலீடுகளைக் கேள்விக்குள்ளாக்கி, விவகாரம் ஊழல் தடுப்பு ஆணையம் வரை போயிற்று. 2012க்கான அறிக்கையிலிருந்தே ஆண்டுக்கு ஒன்று என்பது மாறிப் பல தொகுதிகளாக வருகின்றன. இப்போது மக்களவையில் அறிக்கையை விவாதிக்கவும் நாள் ஒதுக்குகிறார்கள். பொதுக் கணக்குக் குழுவுக்கு 2023இல் தலைமையேற்ற மாஸ் எர்மியாத்தி சம்சுடின் எதிர்க்கட்சிக்காரர். மலாக்காவின் மஸ்ஜித் தானா தொகுதி உறுப்பினரும்கூட.

கூட்டரசு அளவில் இந்த முன்னேற்றம். மாநிலத்தில் கதை வேறு. 2021 நவம்பர் தேர்தலில் மலாக்காவின் 28 இடங்களில் தேசிய முன்னணி 21ஐப் பிடித்தது. பக்காத்தான் ஹராப்பானுக்கு 5, பெரிக்காத்தானுக்கு 2. மாநில அறிக்கையை எடுத்துவைத்துக் கேள்வி கேட்க இத்தனை குறைந்த ஆட்கள் இருக்கும் சபையில், மாநிலப் பொதுக் கணக்குக் குழு சுறுசுறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். கணக்காய்வாளர் எழுதலாம், அதிகாரியைக் கூண்டில் நிறுத்திக் கேட்பது அவர் வேலை இல்லை.

அப்படியானால் மக்களே கேட்கலாமே என்று தோன்றும். ராஜஸ்தானில் 1994 முதல் தொழிலாளர் சங்கத்தினர் ஊர்ப் பொதுவில் சம்பளப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். செத்தவன் பெயரில் கூலி வாங்கியது தெரிந்தது. அந்த வழக்கம் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவாகி, தமிழ்நாட்டுக் கிராமசபைகள் வரை சமூகத் தணிக்கை என்ற பெயரில் வந்தது. நல்ல யோசனை. ஆனால் அதை அளந்து பார்த்தவர்களின் முடிவையும் சொல்ல வேண்டும். பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் இந்தோனேசியாவில் 608 கிராமங்களின் சாலைப் பணிகளை வைத்துச் சோதித்தார். அரசுக் கணக்காய்வு கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன கிராமங்களில், காணாமல் போகும் பணம் 8 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு எல்லாரையும் அழைத்ததால் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. தன் கூலி குறைந்தால் கேட்டார்கள். மணலும் ஜல்லியும் குறைந்தால் கேட்க ஆளில்லை. கருத்துத் தாள்களை ஊர்த் தலைவர்கள் கையில் கொடுக்காமல் பள்ளிப் பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு அனுப்பிய இடங்களில் பலன் கூடியது என்பது அந்த ஆய்வின் சின்னக் குறிப்பு. 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலத்துக்கு அது சின்னக் குறிப்பாகப் படவில்லை.

பிரேசிலில் 2003 முதல் குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கணக்காய்வு செய்தார்கள். முறைகேடு வெளியான மேயர்கள் அடுத்த தேர்தலில் தோற்பது கூடியது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் அதிகமாகத் தோற்றார்கள் என்று ஃபெராஸ், ஃபினான் என்ற இருவர் 2008இல் காட்டினார்கள். இதைப் படிக்கும்போது மின்னல் பண்பலை நினைவுக்கு வருகிறது. காலையில் மெர்லிமாவிலும் காடேக்கிலும் சமையலறையில் ஒலிக்கும் குரல் அது. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை மலாயில் வருகிறது, சுருக்கம் ஆங்கிலத்திலும் கிடைக்கும். மலாக்கா பற்றிய பகுதியை அரைமணி நேரம் தமிழில் எடுத்துச்சொல்ல ஒரு நிகழ்ச்சி வைத்தால் செலவு அதிகமாகாது. தமிழ் நாளிதழ்களும் கடிகார விலையோடு நின்றுவிடாமல், தமிழர் பெயரில் போன தொகையைத் தனியாக எடுத்துப் போடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு இடைவெளி மிச்சம். விரிந்த சட்டம் வந்தாலும், புத்ராஜெயாவிலிருந்து யாரும் 20,000 ரிங்கிட் மானியத்தைத் தேடி டைமண்ட் ஜூபிலி தோட்டத்துக்கு வரப்போவதில்லை. மாதிரி எடுத்துப் பார்க்கும் முறையில் சிறிய தொகைகள் எப்போதும் வலையிலிருந்து தப்பிவிடும். தமிழ்ப்பள்ளிக்கும் கோவிலுக்கும் வருவது பெரும்பாலும் சிறிய தொகைகள்தான். அரசுப் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது பள்ளி நிதி ஒழுங்கு. அமைச்சின் பள்ளிக் கணக்காய்வுப் பிரிவும் வந்து பார்க்கிறது. மேலாளர் வாரியத்துக்குத் தனியாக வரும் மானியத்தில்தான் கண்கள் குறைவு.

இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மித்ராவோ மாநில அரசோ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகமோ மானியம் கொடுக்கும் கடிதத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். பணம் முடிந்த 60 நாளுக்குள் வரவு, செலவு, குத்தகையாளர் பெயர், மிச்சம் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளி வாசலிலோ கோவில் அறிவிப்புப் பலகையிலோ ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு அடுத்த தவணை கிடையாது. திருவிழா முடிந்ததும் உபயக் கணக்கை ஒட்டும் கோவில்கள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன, அவர்களுக்குப் படிவம்கூடப் புதிதாகத் தேவைப்படாது.